16 வார டீச்சர்

புத்தகத்தில் படித்த குழந்தை வேறு, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குழந்தை வேறு. கிழக்கு தில்லியின் மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் ஒரு பயிற்சி ஆசிரியை கழித்தல் கணக்கு கற்றுக்கொண்ட கதை

பாடக் குறிப்பு ஆறு பக்கம். வகுப்பு 40 நிமிஷம். ஒன்பதாவது நிமிஷத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது.

2023 ஆகஸ்டில் ஒரு காலை. யமுனைக் கரையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. காலை ஷிப்ட் பெண்களுக்கு. மதியம் அவர்கள் கலைந்து போனதும் அதே பெஞ்சுகளில் பையன்கள் வந்து உட்காருவார்கள். மூன்றாம் வகுப்பின் கரும்பலகைக்கு முன்னால் நின்றிருந்தவருக்கு வயது 21. முதல் நாள் என்பதால் துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு போட்டுக் குத்தியிருந்தார். கையில் வண்ண வண்ண அட்டைகள். முந்தைய இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து வெட்டியவை. அட்டைகளை வைத்து ஒரு கதை, கதையிலிருந்து ஒரு கேள்வி, கேள்வியிலிருந்து ஒரு கணக்கு என்று திட்டம். கதை முடியும் முன்பே நான்கு பேர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். இரண்டு பேர் ஓர் அட்டைக்காகச் சண்டை போட்டு அதை இரண்டாகக் கிழித்தார்கள். மீதி நாற்பது பேரும் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வகுப்பின் நிரந்தர ஆசிரியை உள்ளே வந்தார். மர ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. நிசப்தம். "குழந்தைகளா, மேம் சொல்வதைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, ஆதார் எண் சரிபார்க்கும் பட்டியலோடு மீண்டும் வெளியே போய்விட்டார். நிசப்தம் இரண்டு நிமிஷம் நீடித்தது.

"அந்த ஸ்கேலைப் பார்த்து எனக்குக் கோபம் வந்ததா, பொறாமை வந்ததா என்று இன்னும் தெரியவில்லை" என்கிறார் அந்தப் பயிற்சி ஆசிரியை. தந்தை பஸ் கண்டக்டர். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் இவர்தான். வேலைக்கான தேர்வு முடிவுகளுக்காகக் காத்திருப்பதால் பெயர் வேண்டாம் என்கிறார்.

இவர் படித்தது சாதாரண ஆசிரியர் பயிற்சி அல்ல. நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ப்ளஸ் டூ முடித்து இரண்டு ஆண்டு டிப்ளமா வாங்கினால் தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆகலாம். தில்லி பல்கலைக்கழகம் 1994-ல் வேறொரு சோதனையைத் தொடங்கியது. பி.எல்.எட். என்ற நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு, ப்ளஸ் டூவுக்குப் பிறகு நேரடியாக. டாக்டரும் இன்ஜினீயரும் ஐந்து, நான்கு ஆண்டு படித்து வரும்போது ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பவருக்கு மட்டும் இரண்டு ஆண்டு போதுமா என்பதுதான் அதன் பின்னால் இருந்த கேள்வி. பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையைச் சேர்ந்த பூனம் பத்ரா போன்றவர்கள் அதை வடிவமைத்தார்கள். பின்னர் எட்டுக் கல்லூரிகள் வரை அது பரவியது. எட்டுமே பெண்கள் கல்லூரிகள். தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலை பெண்களுக்கானது என்று நாடு எப்போதோ முடிவு கட்டிவிட்டது போலும்.

முதல் ஆண்டில் நாடகம், கைவினை. 'தன்னை அறிதல்' என்ற பெயரில் பயிலரங்குகள். அவற்றில் பாதிப் பேர் தங்கள் சொந்தப் பள்ளிக்கூட நாட்களை நினைத்து அழுதுவிடுவார்களாம். பிறகு குழந்தை வளர்ச்சி, மொழி, சமகால இந்தியா. ஏற்கெனவே படித்த கணிதத்தையும் அறிவியலையும் திரும்பவும், ஆனால் 'இது ஏன் இப்படி?' என்ற கேள்வியோடு. கிஜுபாய் பதேகாவின் 'திவாஸ்வப்ன'வை வகுப்பில் விவாதிக்காமல் யாரும் தப்ப முடியாது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டுப் பாவ்நகரில் குழந்தைகளிடம் வந்த அந்தக் குஜராத்திக்காரர் 1930-களின் தொடக்கத்தில் எழுதிய சின்னப் புத்தகம் அது. நான்காம் வகுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி, பாடத்துக்குப் பதில் கதை சொல்லத் தொடங்கும் ஒரு கற்பனை ஆசிரியரின் கதை. தமிழிலும் 'பகல் கனவு' என்று வந்திருக்கிறது. அதில் முதல் நாள் ஆசிரியரின் திட்டம் தவிடுபொடியாகும். "அதை மூன்று முறை படித்திருந்தேன்" என்கிறார் இவர். "எனக்கும் அப்படியே ஆகும் என்று மட்டும் தோன்றவே இல்லை."

நான்காம் ஆண்டில்தான் பள்ளிக்கூடம். சுமார் 16 வாரம். தினமும் காலையில் போக வேண்டும், வகுப்பை முழுப் பொறுப்பாக நடத்த வேண்டும், மாலையில் வந்து நாட்குறிப்பு எழுத வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் கல்லூரிப் பேராசிரியை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார். பள்ளியில் ஒரு மூலையைப் பிடித்துக் கதைப் புத்தகங்களும் கற்றல் பொருட்களுமாக ஒரு சிறு வள மையமும் அமைக்க வேண்டும். தொடக்க வகுப்பில் பெரும்பகுதி. கடைசிச் சில வாரங்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஏதாவது ஒன்றில்.

காகிதத்தில் 16 வாரம். அந்த ஆண்டு தில்லியில் அது எவ்வளவு சுருங்கியது என்பது தனிக் கதை. ஜூலை 13-ம் தேதி யமுனை 208.66 மீட்டருக்கு உயர்ந்து பழைய பதிவுகளையெல்லாம் முறியடித்திருந்தது. பள்ளி ஆகஸ்டில் சகஜ நிலைக்கு வந்தபோதும் சில குழந்தைகளிடம் பை இல்லை, நோட்டு இல்லை. செப்டம்பர் இரண்டாம் வாரம் ஜி-20 மாநாட்டுக்காக நகரமே மூடப்பட்டது. நவம்பர் 3-ம் தேதி காற்று மாசு காரணமாகத் தொடக்கப் பள்ளிகள் மூடப்பட்டன. குளிர்கால விடுமுறையையும் முன்னாலேயே இழுத்துக் கொடுத்து, 20-ம் தேதிதான் திறந்தார்கள். நடுவில் ரக்ஷா பந்தன், தசரா, தீபாவளி. "வெள்ளம், உலகத் தலைவர்கள், புகை. மூன்றும் போக மிச்சமிருந்ததுதான் என் பயிற்சி" என்கிறார்.

பையும் நோட்டும் இல்லாமல் வந்தவர்களில் ஒரு சிறுமி மூன்றாவது வரிசையில், சுவர் ஓரமாக உட்காருவாள். அவள் குடும்பம் உத்தரப் பிரதேசத்தின் பதாயூன் பக்கத்திலிருந்து வந்து, யமுனையின் வெள்ளச் சமவெளியில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு வந்தது. ஜூலையில் வயலும் குடிசையும் போயின. சில வாரம் மேம்பாலத்தின் ஓரத்துக் கூடாரத்தில் இருந்தார்கள். வகுப்பின் நிரந்தர ஆசிரியை பொறுப்பை ஒப்படைத்தபோது பெயர்ப் பட்டியலில் ஏழெட்டுப் பெயர்களுக்கு எதிரே பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தார். 'கம்ஸோர்'. பலவீனமானவர்கள். இந்தச் சிறுமிக்கு எதிரே இரண்டு புள்ளி.

பாடம், கழித்தல். அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்தது என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய கணிதப் புத்தகம், 2005-ம் ஆண்டுக் கலைத்திட்டத்தை ஒட்டி வந்தது. (2024-ல் அது மாறி வேறு புத்தகம் வந்துவிட்டது.) 52-லிருந்து 27 போக மீதி எவ்வளவு? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 35 என்று எழுதினார்கள். கவனக்குறைவு அல்ல அது. இரண்டிலிருந்து ஏழு போகாது. எனவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று. ஒவ்வொரு வரிசையிலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்று குழந்தைகள் தாங்களாகவே ஒரு விதியைச் செய்துகொண்டிருந்தார்கள். உலகெங்கும் குழந்தைகள் செய்யும் தப்பு இது என்று மூன்றாம் ஆண்டில் ஒரு முழுத் தாளே படித்திருந்தார் பயிற்சி ஆசிரியை. படித்தது உதவவில்லை. தன்னையறியாமல், சின்ன வயதில் தனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதையே சொல்லத் தொடங்கினார். "ரெண்டு கிட்டே போதுமானது இல்லை. அதனால் பக்கத்து வீட்டு அஞ்சுகிட்டே ஒண்ணு கடன் வாங்குது..."

சுவரோரச் சிறுமி முதல்முறையாகக் கை தூக்கினாள். "மேம், எப்போ திருப்பித் தரும்?"

வகுப்பு சிரித்தது. பயிற்சி ஆசிரியையும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. வயலுக்காக ஆடத்தியிடம், அதாவது மண்டித் தரகரிடம், வாங்கிய கடன் வீட்டில் தினமும் பேச்சாக இருக்கும் ஒரு குழந்தைக்கு அது கிண்டல் கேள்வி இல்லை. கடன் வாங்கினால் திருப்பித் தர வேண்டும். இந்தக் கணக்கில் மட்டும் ஏன் ஐந்து எப்போதும் நாலாகவே நின்றுவிடுகிறது? அதுவும் வாங்கியது ஒன்று, வந்து சேர்வது பத்து!

அந்த வாரக் கல்லூரிக் கூட்டத்தில் இதைச் சொன்னார். பேராசிரியை கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, கடன் என்ற வார்த்தையே பொய்தான் என்றாராம். யாரும் யாரிடமும் எதையும் வாங்கவில்லை. ஒரு பத்து, பத்து ஒன்றுகளாக மாறுகிறது. அவ்வளவுதான். சில்லறை மாற்றுவது போல.

சில்லறை! மறுநாளே காகிதத்தில் நோட்டுகள் வெட்டினார். பத்து ரூபாய்த் தாள்கள், ஒரு ரூபாய் வட்டங்கள். ஜூஸ் குழாய்களைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார். செலவு கைக்காசு. வகுப்பில் கடை வைத்தார்கள். சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. அடுத்த அறையிலிருந்து புகார் வந்தது. தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "பேட்டா, விளையாட்டுப் பீரியட் தனியாக இருக்கிறதே" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரிக் கட்டுரைகளில் பயிற்சி ஆசிரியை தேவதையாகவும் பழைய ஆசிரியை ராட்சசியாகவும் வருவது வழக்கம். நேரில் பார்த்தால் அப்படி இல்லை. 22 ஆண்டு சர்வீஸ் உள்ள அந்த நிரந்தர ஆசிரியையின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தால் போதும். சீருடைப் பணத்துக்காகப் பெற்றோரின் வங்கிக் கணக்கு எண்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. மதிய உணவைக் குழந்தைகளுக்கு முன்னால் ருசி பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. தேர்தல் நெருங்கினால் வீடு வீடாக வாக்காளர் பட்டியல். சக ஆசிரியை விடுப்பில் போனால் இரண்டு வகுப்பு ஒரே அறையில். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் 30 குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. அறைக்குள் எண்ணினால் நாற்பதுக்கு மேல். "நீ 16 வாரம் கடை வைப்பாய், போய்விடுவாய்" என்று பயிற்சி ஆசிரியையிடம் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாராம். "பரீட்சைத் தாளில் ஜூஸ் குழாய் வராது. அப்புறம் இவர்களைக் கரையேற்ற வேண்டியது நான்." அதற்குப் பதில் கல்லூரியில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

ஆறாவது வாரம்தான் மோசமான வாரம். நிரந்தர ஆசிரியை வேறு பணிக்குப் போய்விட, மூன்று நாட்கள் முழுக்க வகுப்பு இவர் தலையில். பயிற்சிக்கு வருபவரை ஆள் பற்றாக்குறைக்கு ஈடுகட்டப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. விதி எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் நாள் மதியம், பள்ளி விட 20 நிமிஷம் இருக்கும்போது, ஒரு சிறுமி பென்சில் பெட்டியைப் பெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தாள். வேண்டாம் என்று நான்கு முறை சொல்லியாயிற்று. ஐந்தாம் முறை இவர் பாய்ந்து போய் அந்தப் பெட்டியைப் பிடுங்கினார். கை மேலே போனது. அடிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துவிட்டது. பழக்கப்பட்ட வேகத்தில்.

அன்று இரவு நாட்குறிப்பில் 'குழு வேலை ஓரளவு திருப்தி' என்று எழுதினார். தூக்கம் வரவில்லை. எழுந்து அதைக் கிழித்துவிட்டு நடந்ததை எழுதினார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு குழந்தையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது என்று தேர்வில் எழுதி முழு மார்க் வாங்கியவர் இவர். பேராசிரியை திட்டுவார், ஒருவேளை பயிற்சியிலேயே குறைப்பார் என்று எதிர்பார்த்தார். நாட்குறிப்பு திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அந்த நேரத்தில் உன் வயிற்றில் என்ன இருந்தது? யோசித்துப் பார்த்தால் காலையிலிருந்து ஒன்றுமில்லை. மூன்று நாளாகத் தண்ணீர் குடிக்கக்கூட வகுப்பை விட்டு நகர்ந்திருக்கவில்லை. "அதனால் என் மேல் தப்பில்லை என்று அர்த்தமில்லை" என்கிறார். "ஆனால் மர ஸ்கேல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது." மறுநாள் அந்தச் சிறுமியிடம் வகுப்பு எதிரிலேயே மன்னிப்புக் கேட்டார். குழந்தைக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. பென்சில் பெட்டியைத் திறந்து ரப்பரை எடுத்து நீட்டியதாம்.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில், ஆற்றின் கரைமேட்டுச் சாலை ஓரத்தில் சாக்கு விரித்து ஒரு பாட்டியும் பேத்தியும் காய்கறி விற்றுக்கொண்டிருந்தார்கள். பேத்தி, சுவரோரச் சிறுமி. வயல் போன பிறகு காஜிபூர் மண்டியில் மொத்தமாக வாங்கி வந்து விற்கிறார்களாம். டீச்சரைப் பார்த்ததும் அவள் பாட்டியின் பின்னால் ஒளியவில்லை, தராசை எடுத்தாள். அரை கிலோ பீர்க்கங்காய் 20, எலுமிச்சை நாலு 10, மிளகாய் 5. டீச்சர் 100 ரூபாய்த் தாளை நீட்டினார். சிறுமி முதலில் ஒரு ஐந்து ரூபாய்க் காசைக் கையில் வைத்து "நாப்பது" என்றாள். ஒரு பத்து: "அம்பது." ஒரு ஐம்பது: "நூறு." அறுபத்தைந்து ரூபாய். காகிதம் இல்லை, பென்சில் இல்லை, கடன் வாங்கல் இல்லை. அடுத்த ஆளுக்குத் தக்காளி நிறுக்கத் திரும்பிவிட்டாள்.

திங்கட்கிழமை அவள் நோட்டில் 100 - 35 என்று எழுதிக் கொடுத்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு 135 என்று எழுதினாள்.

பயிற்சி ஆசிரியை அன்று கண்டது அவர் ஒருவர் மட்டும் கண்டதல்ல. நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களோடு கொல்கத்தா, தில்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சந்தையில் சிக்கலான கொடுக்கல் வாங்கல்களை மனக்கணக்காகவே சரியாகச் சொன்ன சிறுவர்கள், அதைவிடச் சுலபமான கணக்குகளைப் பாடப்புத்தக வடிவத்தில் கொடுத்தபோது தடுமாறினார்கள். பள்ளிக்கூடம் மட்டுமே தெரிந்த பிள்ளைகளோ நேர்மாறு: தாளில் போட்டுவிடுகிறார்கள், சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள். இரண்டு கணக்குக்கும் நடுவே பாலம் இல்லை. பாலத்தைக் கட்ட வேண்டியவர் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவரோ வங்கிக் கணக்கு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த மூன்று வாரம் பயிற்சி ஆசிரியை செய்த வேலை எளிமையானது, ஆனால் மெதுவானது. முதலில் சிறுமி செய்வதையே கரும்பலகையில் ஒரு கோடாக வரைந்தார். 35-லிருந்து ஒரு தாவலில் 40, அடுத்த தாவலில் 50, அடுத்ததில் 100. தாவல்களைக் கூட்டினால் விடை. வகுப்பில் பாதிப் பேருக்கு இது உடனே பிடித்துவிட்டது. மற்றவர்களில் சிலருக்கு ஜூஸ் குழாய்க் கட்டுதான் புரிந்தது. நான்கைந்து பேருக்கு எதுவும் புரியவில்லை, அவர்களுக்கு 20-க்கு மேல் எண்களே தகராறு. "எல்லாருக்கும் ஒரே பாடக் குறிப்பு என்பது எவ்வளவு பெரிய கற்பனை என்று அப்போதுதான் பார்த்தேன்." பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கும் வழக்கமான முறைக்குத் தாவல் முறையிலிருந்து அழைத்து வருவது கடினமாக இருந்தது. தாவத் தெரிந்தவள் ஏன் ஊர்ந்து போக வேண்டும்? பரீட்சைக்காக. அந்தப் பதிலைக் குழந்தையிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது என்கிறார்.

அரையாண்டுத் தாளில் கழித்தல் கணக்கு பத்து. சுவரோரச் சிறுமிக்கு ஆறு சரி. ஆனால் நான்கில் மட்டுமே செய்முறை இருந்தது. இரண்டில் வெறும் விடை. தாளைத் திருத்திய நிரந்தர ஆசிரியை அவளைக் கூப்பிட்டார். "எங்கே பார்த்து எழுதினாய்?" சிறுமி பேசவில்லை. ஆசிரியை அவள் பக்கத்தில் உட்காருபவளின் தாளை எடுத்துப் பார்த்தார். அதில் இரண்டுமே தப்பு. முன்னால் உட்காருபவளின் தாள். அதிலும் தப்பு. "அப்படியானால் எப்படி?" என்று கேட்டதும், சிறுமி விரல்களில் தாவித் தாவிக் காட்டினாள். ஆசிரியை கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் அப்பாவும் இப்படித்தான் கணக்குப் பார்ப்பார். புலந்த்ஷெஹரில் துணிக்கடை" என்றாராம். இரண்டுக்கும் முழு மார்க். பட்டியலில் இருந்த புள்ளிகளை அழித்தாரா என்று கேட்டேன். "தெரியாது. பட்டியலை நான் மறுபடி பார்க்கவில்லை."

இந்தப் பயிற்சிக்கு வெளியே, அதே நாட்களில், இவர்களுடைய எதிர்காலத்தைப் பற்றிப் பெரிய இடங்களில் முடிவுகள் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. 2023 ஆகஸ்ட் 11-ம் தேதி உச்ச நீதிமன்றம், பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்பு ஆசிரியராகத் தகுதியில்லை என்று தீர்ப்பளித்தது. 2018-ல் தேசிய ஆசிரியர் கல்விக் குழு திறந்துவிட்டிருந்த கதவு அதனால் மூடப்பட்டது. சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது தனித் திறமை, பெரிய வகுப்புப் பயிற்சி அதற்குப் போதாது என்பது அதன் சாரம். பி.எல்.எட். மாணவிகள் வாட்ஸ்அப்பில் இனிப்புப் படங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். ஆனால் அதே ஆண்டு மே மாதம் தில்லி பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவை, ஆசிரியர்கள் பலரின் ஆட்சேபத்தையும் மீறி, பி.எல்.எட். படிப்பின் இடத்தில் ஒருங்கிணைந்த புதிய நான்கு ஆண்டு ஆசிரியர் படிப்பைக் கொண்டுவர ஒப்புதல் அளித்திருந்தது. 2020-ம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் ஆசிரியர் ஆவதற்குக் குறைந்தபட்சத் தகுதி நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பட்டம்தான் என்கிறது. நான்கு ஆண்டு வேண்டும் என்று 1994-ல் தொடங்கிய படிப்பை, நான்கு ஆண்டு வேண்டும் என்ற கொள்கையே ஓரங்கட்டுவது இந்தியாவுக்கே உரிய வினோதம்.

நான்கு ஆண்டு என்பதால் மட்டும் ஒரு படிப்பு நல்லதாகிவிடாது. நாட்டில் ஆசிரியர் பயிற்சி தரும் நிறுவனங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் தனியார் கையில் இருப்பதை நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையிலான குழு 2012-ல் சுட்டிக்காட்டியது. அதே 2012 நவம்பரில் நடந்த மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வில் 99 சதவீதத்துக்கு மேல் தேறவில்லை. தேறாதவர்களும் எங்கோ ஒரு பள்ளியில் 'பயிற்சி' முடித்ததாகக் கையெழுத்து வாங்கியவர்கள்தான். பெரும்பாலான இடங்களில் அந்தப் பயிற்சி என்பது குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாடக் குறிப்பு எழுதிச் சமர்ப்பிப்பது. கடைசியில் ஒருநாள் தேர்வாளர் வரும்போது, முன்பே ஒத்திகை பார்த்த குழந்தைகள் முன்பே தெரிந்த விடைகளைச் சொல்வது. கடைசி பெஞ்சில் வாரா வாரம் வந்து உட்கார ஒருவர், பொய் எழுதிய பக்கத்தைக் கிழிக்க வைக்கும் அளவுக்கு நம்பிக்கை தரும் ஒருவர், இருக்கிறாரா என்பதுதான் வித்தியாசம். அவருக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுத்தான் பல நிறுவனங்கள் அவரை வைத்துக்கொள்வதில்லை.

நவம்பரில் புகை வந்தது. பாடம் வாட்ஸ்அப்புக்குப் போனது. அதாவது, போனவர்களுக்குப் போனது. சுவரோரச் சிறுமியின் வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு மண்டிக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல் ஒருநாள் அழைப்பு வந்தது. "மேம், நீங்க அனுப்பின கணக்கு போட்டுட்டேன். எங்கே காட்டறது?" போனில் படம் எடுக்கச் சொல்லும் முன்பே லைன் கட். 20-ம் தேதி பள்ளி திறந்தபோது அவள் வரவில்லை. மறுநாளும் இல்லை. கரைமேட்டுச் சாலையில் சாக்கு விரித்திருந்த இடத்தில் வேறு யாரோ கடலை வறுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் போயிருக்கிறார்கள், உருளைக்கிழங்கு வயலில் வேலை, திரும்பி வருவார்கள் என்றார் கடலைக்காரர். எப்போது? கையை விரித்தார்.

தொடக்க வகுப்பில் பயிற்சியின் கடைசி நாள். வள மையத்துக்காகச் சேர்த்த கதைப் புத்தகங்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும். இப்படி ஒப்படைக்கப்படும் புத்தகங்கள் 'குழந்தைகள் கிழித்துவிடுவார்கள்' என்ற பத்திரமான காரணத்தோடு பீரோவுக்குள் போய்ப் பூட்டப்படுவது பல பள்ளிகளில் நடப்பது. இங்கும் அதுதான் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஜூஸ் குழாய்க் கட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மேஜைக்குக் கீழே வைத்தார். குழந்தைகள் வரைந்து கொடுத்த வாழ்த்து அட்டைகள் கை கொள்ளவில்லை. பெரும்பாலானவற்றில் ரோஜாப் பூ. ஒன்றில் மட்டும் 100 ரூபாய் நோட்டு.

வாசலில் நிரந்தர ஆசிரியை நிறுத்தினார். வருகைப் பதிவேட்டில் சுவரோரச் சிறுமியின் பெயரைத் திறந்து வைத்திருந்தார். தொடர்ந்து வராதவர்களின் பெயரைப் பற்றி மேலே எழுத வேண்டும். "மார்ச் வரைக்கும் எழுதப் போவதில்லை. ஹோலிக்கு முன்னால் வந்துவிடுவார்கள், ஒவ்வொரு வருஷமும் யாராவது இப்படிப் போய் வருகிறார்கள்" என்றார். பிறகு, மேஜைக்குக் கீழே இருந்த பிஸ்கட் டப்பாவைக் காலால் லேசாகத் தட்டிக் காட்டி, "இதை எப்படி ஆரம்பிப்பாய், அடுத்து என்ன செய்வாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, பேட்டா. அவள் வந்தால் தேவைப்படும்" என்றார். பயிற்சி ஆசிரியை பையிலிருந்து பாடக் குறிப்பு நோட்டை எடுத்தார்.

"ஆறு பக்கம் வேண்டாம்" என்றார் ஆசிரியை. "ஒரே பக்கம்."